கோக்சோங்கில் பேய் யார்? ஓயாத ஒரு வழக்கு

2016 மே மாதம் தென் கொரியத் திரையரங்குகளில் 'கோக்சோங்' படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: அந்த மூவரில் பேய் யார்? மலைக்காட்டில் தனியே குடியிருக்கும் ஜப்பானியக் கிழவரா? பெரிய தொகை வாங்கிக்கொண்டு பேயோட்ட வந்த பூசாரியா? தெருமுனையில் திடீரென நிற்கும், பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணா? அந்த ஆண்டு அங்கே 68 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்ற படம் இது. கான் விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டு, 'தி வெயிலிங்' என்ற பெயரில் உலகம் சுற்றியது. போன இடமெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே போயிற்று. இன்றும் முதல்முறை பார்க்கிறவர்கள் படம் முடிந்த கையோடு அதே வழக்கைப் புதிதாகத் தொடங்குகிறார்கள்.

பார்வையாளர்கள் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவரும் கருத்துகளை ஒருசேர வைத்து எடைபோடுவதே இங்கே நோக்கம். எந்தக் கட்சி எதை வைத்து வாதாடுகிறது, எது நிற்கிறது, எது நிற்கவில்லை, மத நம்பிக்கை உள்ளவர்களை ஒரு திகில் படம் ஏன் இவ்வளவு உலுக்கியது என்பவற்றைப் பார்க்கலாம். முடிவைத் தொடாமல் இதைப் பேச வழியில்லை. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

இயக்குநர் நா ஹாங்-ஜின்னுக்கு இது மூன்றாவது படம். முதல் படமான 'தி சேசர்' (2008) கொலைகாரன் யார் என்பதைச் சீக்கிரமே காட்டிவிடும். அவன் கையில் சிக்கியவள் பிழைப்பாளா என்பதுதான் அதில் பதைப்பு. 'கோக்சோங்'கில் அவர் அதைத் தலைகீழாகப் புரட்டினார். கொலைசெய்த கை ஒவ்வொரு வீட்டிலும் கண்ணெதிரே இருக்கிறது; அந்தக் கையை ஏவியது யார் என்பது மட்டும் தெரிவதில்லை.

கதை நடக்கும் இடம் தெற்கு ஜொல்லா மாநிலத்து மலையோரக் கிராமம். ஜோங்-கூ அங்கே போலீஸ்காரர். கொலை நடந்திருக்கிறது என்று விடியற்காலையில் போன் வந்தாலும், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று மாமியார் சொன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர். பயந்த சுபாவம், தொந்தி, மகள்மேல் உயிர். ஊரில் ஒருவர் பின் ஒருவராக உடம்பெங்கும் கொப்புளம் கிளம்பி, புத்தி பேதலித்து, சொந்தக் குடும்பத்தையே வெட்டிச் சாய்க்கிறார்கள். காட்டுக் காளான் விஷம் என்கிறது அரசுத் தரப்பு. ஊர்வாய் வேறு சொல்கிறது: அந்த ஜப்பானியன் வந்த பிறகுதான் எல்லாம் தொடங்கியது. பிறகு ஜோங்-கூவின் மகள் ஹ்யோ-ஜின்னுக்கே அந்த நோய் கண்டுவிடுகிறது. பொம்மை முகத்துப் பிள்ளை தட்டிலிருக்கும் மீனை வாயில் திணித்துத் திணித்துத் தின்கிறாள். அப்பாவைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் கத்துகிறாள். எது முக்கியம் என்பதுகூடத் தெரியாமல் என்னை விசாரிக்கிறாயே என்று ஜொல்லா வட்டார வழக்கில் அவள் சீறுகிற ஒரு வரி அந்த ஆண்டு கொரியா முழுக்க எல்லோர் வாயிலும் அடிபட்டது. குழந்தை நடிகை கிம் ஹ்வான்-ஹீயை ஊரறியச் செய்த வரி அது.

படம் தொடங்குவது லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த வாசகத்தோடு. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்கள் நடுவே வந்து நிற்கிறார். அவர்கள் ஆவி என்று நினைத்து அஞ்சுகிறார்கள். ஏன் சந்தேகம், என் கைகால்களைத் தொட்டுப் பாருங்கள் என்கிறார். அடுத்த காட்சியில் அந்த ஜப்பானிய முதியவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தூண்டில் முள்ளில் புழுவைக் கோக்கிறார். நிதானமாக, புழு நெளிவது தெரியும்படி. படத்தைப் பற்றிய எல்லா வாதங்களும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சுற்றுகின்றன: தொட்டுப் பார்த்து நம்பு என்ற அழைப்பு, நெளியும் தூண்டில் இரை.

பெரும்பான்மைக் கட்சியின் தீர்ப்பு இது: ஜப்பானியர்தான் சாத்தான், பூசாரி இல்-க்வாங் அவருடைய கூட்டாளி, பெயரற்றவள் ஊரைக் காக்கும் தெய்வம். இதற்குச் சாட்சியங்கள் வலுவானவை. இல்-க்வாங் உடை மாற்றும்போது உள்ளே கட்டியிருப்பது கொரியர் வழக்கமில்லாத ஜப்பானியக் கோவணம். அதே கோவணத்தில்தான் ஜப்பானியரும் ஓர் இடத்தில் தென்படுகிறார். இல்-க்வாங் அந்தப் பெண்ணுக்கு எதிரில் நின்ற மாத்திரத்தில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டுகிறது, வாந்தி வாந்தியாக எடுக்கிறார். ஊரைவிட்டு ஓடப் பார்க்கையில் பூச்சிக்கூட்டம் காரின் கண்ணாடியை மூடி அவரைத் திருப்பி அனுப்புகிறது. கடைசியில், இறந்த குடும்பத்தைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவர் கையிலிருந்து பெட்டி தவறிச் சிதறுகிறது. உள்ளே இருப்பவை முன்பு செத்தவர்களின் புகைப்படங்கள். அந்தப் புகைப்படப் பழக்கம் ஜப்பானியருடையது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று இந்தக் கட்சி கேட்கிறது. ஜப்பானியர் பூசாரியின் காரில் ஏறிப் போகிற காட்சி ஒன்றும் படமாக்கப்பட்டு, இறுதி வடிவத்தில் வெட்டப்பட்டது. அதைப் பிறகு பார்த்தவர்கள் வழக்கு முடிந்துவிட்டது என்றே எழுதினார்கள்.

ஆனால் எதிர்க்கட்சியும் வெறுங்கையோடு வரவில்லை. அந்தப் பெண் செத்தவர்களின் துணிகளைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். ஹ்யோ-ஜின்னின் தலைக் கிளிப் அவள் காலடியில் கிடக்கிறது. அவள் முதன்முதலில் தோன்றுவதே எரிந்துபோன கொலை வீட்டின் முன்; ஜோங்-கூமேல் பொடிக்கற்களை வீசிக்கொண்டு, ஜப்பானியன்தான் காரணம் என்று காதில் போட்டுவிட்டு மாயமாகிறாள். ஊர்ச் சந்தேகத்துக்கு அவளே நேரில் பார்த்த சாட்சியாக வருகிறாள். காவல் தெய்வம் இப்படியா நடந்துகொள்ளும் என்ற கேள்வி நியாயமானது. படத்தின் ஓட்டத்தில் பார்த்தால், அவள்தான் பேய் என்று பூசாரி போனில் சொல்லும் நிமிடத்தில் முதல்முறை பார்க்கிறவர்களில் பாதிப் பேராவது அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அந்தச் சாய்வை ஒரு தவறாகவே என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த நிமிடத்தில் ஜோங்-கூவுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும்.

இரண்டு கட்சிகளும் மோதிக்கொள்ளும் பெரிய களம் படத்தின் நடுவில் வரும் பூசைக் காட்சி. முதாங் எனப்படும் கொரியச் சாமியாடிகள் நடத்தும் சடங்குக்கு 'குத்' என்று பெயர். 2015 மக்கள்தொகைக் கணக்கில் கொரியர்களில் 56 சதவீதம் பேர் தங்களுக்கு மதமில்லை என்றுதான் பதிந்தார்கள். புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 20 சதவீதம், பௌத்தர்கள் 15.5, கத்தோலிக்கர்கள் 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முதாங்குக்கு அந்தக் கணக்கில் தனிக் கட்டமே கிடையாது. ஆனால் வீட்டில் தீராத நோய் என்றால், எந்தக் கட்டத்தில் பேர் எழுதியவர்களிலும் முதாங்கைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. ஜோங்-கூவின் மாமியாரும் அப்படித்தான் இல்-க்வாங்கை வரவழைக்கிறார். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, கொல்லையிலிருக்கும் சோயா ஜாடியை உடைக்கிறார். உள்ளே செத்த காகம் கிடக்கிறது. அந்த ஒரு காகத்தோடு வீடு முழுக்க அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. கேட்ட தொகை 1 கோடி வொன். ஒரு கிராமத்துப் போலீஸ்காரரின் சம்பளத்துக்கு அது தாங்காத கடன்.

பூசை தொடங்குகிறது. பூசாரியாக நடிக்கும் ஹ்வாங் ஜங்-மின் வண்ண உடையில், பறையும் தாளமும் அதிர, வாளெடுத்துச் சுழன்று ஆடுகிறார். கொரியக் கிராம எல்லைகளில் நட்டுவைக்கும் முகம் செதுக்கிய காவல் மரத்தைப் போன்ற ஒரு கட்டையில் நீளமான ஆணிகளை ஒவ்வொன்றாக இறக்குகிறார். இங்கே நம் மொழியில் ஏவல் என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட நிகரான ஒன்றை அவர் எதிராளிமேல் அனுப்புகிறார். இன்னொரு பக்கம் காட்டுக் குடிசையில் ஜப்பானியர் கறுப்புக் கோழிகளைத் தொங்கவிட்டு, தனக்கே உரிய ஒரு பூசையில் முரசறைகிறார். காட்சி இரண்டுக்கும் மாறிமாறித் தாவுகிறது. இங்கே ஆணி இறங்குகிறது. அங்கே கிழவர் துடித்து விழுகிறார். நடுவில், அறைக்குள் கட்டிலில் ஹ்யோ-ஜின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். மகளின் அலறலைத் தாங்காத ஜோங்-கூ பாய்ந்து பூசையைக் கலைத்துவிடுகிறார். பார்க்கிற நாம் பல்லைக் கடிக்கிறோம்: இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருக்கக் கூடாதா, கிழவன் செத்திருப்பானே!

இரண்டாம் முறை பார்க்கும்போது அதே காட்சி வேறு கதை சொல்கிறது. ஆணி இறங்கும்போது துடிப்பது முதலில் பெண்குழந்தைதான். கிழவரின் பூசைமேடையில் இருப்பது ஹ்யோ-ஜின் படம் அல்ல. லாரியில் செத்துக் கிடக்கும் வேறொருவனின் படம். அவர் செய்துகொண்டிருந்தது அந்தப் பிணத்தை எழுப்பும் வேலை என்றும், பூசாரியின் ஆணிகள் குறிவைத்தது குழந்தையை என்றும், கிழவரைத் தாக்கியது அங்கே காட்டப்படாத மூன்றாம் ஆளான அந்தப் பெண் என்றும் கவனமான பார்வையாளர்கள் கட்டிய விளக்கம் எல்லா முடிச்சுகளுக்கும் பொருந்துகிறது. பிறகு அந்தப் பிணம் உண்மையில் எழுந்து வருகிறது என்பதே அதற்குப் பெரிய ஆதாரம். அப்படியானால், ஊரே திட்டித் தீர்த்த ஜோங்-கூவின் அவசரம்தான் அன்று மகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. படம் இதை ஒருபோதும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோழைத் தகப்பன் என்று நாம் முடிவுகட்டிய ஆள், தன் காதில் விழுந்த அலறலை நம்பிச் செய்த ஒரே காரியம் சரியான காரியம்.

இந்தக் காட்சியை முன்வைத்துத்தான் படத்தின்மேல் மிகக் கடுமையான புகாரும் எழுந்தது: இயக்குநர் ஏமாற்றிவிட்டார். இரண்டு இடங்களை அடுத்தடுத்து வெட்டிக் காட்டினால் இது அதனால் நடக்கிறது என்று பொருள்கொள்வது சினிமா பார்க்கிற எவருக்கும் ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தி ஒரு பொய்யைச் சொல்வது மர்மக் கதையின் தர்மம் ஆகுமா? படத்தைக் கொண்டாடுகிறவர்கள் இதற்கு உடனே பதில் சொல்வார்கள்: ஜோங்-கூ ஏமாந்ததைப் போலவே நாமும் ஏமாற வேண்டும், அதுதானே நோக்கம் என்று. அந்தப் பதில் முழுதாகப் பொருந்தாது. ஜோங்-கூ குடிசைப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஆணியையும் கிழவரையும் சேர்த்துப் பார்த்தது நாம் மட்டும்தான். அந்தப் பொய் நமக்கென்றே செய்யப்பட்டது. ஆகவே புகாரில் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். காட்டியதில் எதுவும் நடக்காதது இல்லை. கிழவர் துடித்தார், குழந்தை துடித்தது, ஆணி இறங்கியது, எல்லாம் நடந்தவையே. இதனால் அது என்ற முடிச்சைப் போட்டது நாம். சந்தேகம் எப்படி வேலைசெய்கிறது என்பதை ஊர்க்காரர்கள்மேல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்த படம், அந்தக் கால்மணி நேரத்தில் நம்மேலேயே வைத்துக் காட்டிவிடுகிறது.

மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. எண்ணிக்கையில் சிறியது, ஆனால் அதன் கேள்விதான் மற்ற இரண்டையும்விடக் கனமானது. ஜப்பானியர்மேல் இருக்கும் சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள் என்கிறது அது. சிவந்த கண்களோடு காட்டில் மானின் பச்சை மாமிசத்தைத் தின்றார் என்பது ஒரு வேட்டைக்காரர் சொன்ன கதை. ஜோங்-கூ நேரில் கண்டதாக நினைப்பதில் பாதி கெட்ட கனவு. ஒரு பெண்ணை அவர் கெடுத்தார் என்பது வெறும் ஊர்ப்பேச்சு. இவற்றை நம்பிப் போலீஸ்காரர் ஒருவர் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்நியரின் வீட்டை நொறுக்கி, நாயை அடித்துக் கொன்று, பிறகு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கையில் கிடைத்த ஆயுதங்களோடு ஆளையே வேட்டையாடுகிறார். துரத்தப்படும் கிழவர் பாறை மறைவில் ஒடுங்கி அழுகிறார். கடைசியில் வண்டியில் அடிபட்ட அவரைச் சாலையோரத்திலிருந்து பள்ளத்தில் உருட்டிவிடுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, பேய்க் கதை என்ற போர்வையில் ஒரு கும்பல் கொலையைத்தான் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆள் ஜப்பானியர் என்பதும் தற்செயல் அல்ல. 1910 முதல் 1945 வரை கொரியாவை ஜப்பான் ஆண்டது. அந்த முப்பத்தைந்து ஆண்டுகளின் காயம் அங்கே இன்னும் ஆறவில்லை. கொரியப் பார்வையாளர் ஒருவருக்கு, மலையில் தனியே குடியேறிய ஜப்பானியர் என்ற உடனேயே நெஞ்சில் ஓர் உறுத்தல் எழும். படம் அந்த வெறுப்பை அம்பலப்படுத்துகிறதா, இல்லை அதற்கே தீனி போடுகிறதா என்பதில் கொரியாவுக்குள்ளும் வெளியிலும் கருத்து பிளவுபட்டது. நடிகர் ஜுன் குனிமுரா அந்த வேடத்துக்காகக் கொரியாவின் நீல நாகத் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகராகத் தேர்வானார். வெளிநாட்டு நடிகர் ஒருவருக்கு அந்த விருது விழாவில் நடிப்புப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. நா ஹாங்-ஜின்னுக்குச் சிறந்த இயக்குநர் விருது. ஜப்பானியரை அரக்கனாக்கிய படத்துக்காக ஒரு ஜப்பானியரைக் கொரியா மேடையேற்றிக் கொண்டாடியது. முகத்தில் எதையும் காட்டாமல் ஒரே நேரத்தில் நிரபராதியாகவும் சாத்தானாகவும் இருக்க முடிந்த நடிப்பு அது. எனக்கு அந்த விருதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

இந்தக் கட்சி தடுக்கி விழுவது குகைக் காட்சியில். யாங் இ-சாம் என்ற இளம் கத்தோலிக்கத் திருத்தொண்டர், ஜப்பானிய மொழி தெரிந்தவர் என்பதால் முன்பு விசாரணைக்கு மொழிபெயர்க்க வந்தவர், ஒரு கையில் சிலுவையும் மறு கையில் அரிவாளுமாகக் குகைக்குள் போகிறார். அங்கே செத்ததாக நினைத்த கிழவர் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். நீ யார் என்று சொல், சாத்தான் இல்லையென்றால் விட்டுவிடுகிறேன் என்கிறார் இளைஞர். நான் சாத்தான் என்று முடிவுகட்டிக்கொண்டுதானே வந்திருக்கிறாய், நான் என்ன சொன்னாலும் உன் மனம் மாறாது என்கிறார் கிழவர். கைகளை விரித்துக் காட்டுகிறார். உள்ளங்கைகளில் ஆணி துளைத்த காயங்கள். லூக்கா நற்செய்தியில் உயிர்த்தெழுந்தவர் சொன்னதையே அவர் வாய் சொல்கிறது. பிறகு கண் சிவந்து, தோல் கறுத்து, கொம்பு முளைத்து, கேமராவை எடுத்து அந்த இளைஞரைப் படம் பிடிக்கத் தொடங்குகிறார். இதற்குப் பிறகும் அவரை நிரபராதி என்பது கடினம். இளைஞனின் சந்தேகம்தான் கிழவரைச் சாத்தானாக மாற்றியது, வேறொருவர் நம்பிக்கையோடு வந்திருந்தால் வேறொருவரைக் கண்டிருப்பார் என்று மூன்றாம் கட்சியார் பதில் தருகிறார்கள். அழகான வாதம். ஆனால் தூண்டிலும் புழுவும் முதல் காட்சியிலேயே வந்துவிட்டனவே. அப்போது அவரைச் சந்தேகப்பட ஊரில் யாரும் தொடங்கியிருக்கவில்லை.

கிறிஸ்தவப் பார்வையாளர்களை இந்தக் குகைதான் இரண்டாகப் பிரித்தது. இயேசுவின் காயங்களையும் சொற்களையும் சாத்தானுக்குக் கொடுப்பது தெய்வநிந்தனை என்றார்கள் ஒரு சாரார். அவர்கள் மனம் புண்பட்டதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நம்பிக்கையின் நடுமையத்தில் இருக்கும் அடையாளம் அது. படத்தில் திருச்சபையும் ஒதுங்கியே நிற்கிறது. உதவி கேட்டுப் போன ஜோங்-கூவிடம், கண்ணால் பார்க்காததை நம்பாதே, மருத்துவரை நம்பு என்று பாதிரியார் அனுப்பிவிடுகிறார். இன்னொரு சாரார் இதே படத்தைத் தாங்கள் பார்த்தவற்றில் மிக ஆழமான விசுவாசப் படம் என்று சொன்னார்கள். அவர்கள் வாதம் என்னை அதிகம் ஈர்க்கிறது. நற்செய்தியில் கண்ணும் கையும் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கின்றன: பார், தொடு, நம்பு. குகையிலும் பார்க்கலாம், தொடலாம். காயம் அங்கே உண்மையாகவே இருக்கிறது. ஆனாலும் அது பொய். புலன்களின் சாட்சியை எதிரியும் தயாரித்துக் காட்ட முடியும் என்றால், நம்பிக்கை எதன்மேல் நிற்பது? மறையுரைகளில் பெரும்பாலும் சுற்றிப் போய்விடுகிற இந்தக் கேள்வியைப் படம் நேராக முகத்துக்கு முன்னால் வைக்கிறது.

காளான் கட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாமே விஷக் காளானால் வந்த மயக்கம், பேயும் இல்லை தெய்வமும் இல்லை என்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுந்து வந்த பிணத்தைப் பல பேர் சேர்ந்து பார்த்து, சேர்ந்து அடித்துப் போராடியதை அந்த விளக்கத்தால் தொடவே முடியவில்லை.

வேறு விதமான அதிருப்திகளும் உண்டு. நீளம் ஒன்று: படம் 156 நிமிடம். முதல் முக்கால் மணி நேரம் ஜோங்-கூவின் அசட்டுத்தனத்தை வைத்துச் சிரிக்கவைத்துவிட்டுப் பிறகு கழுத்தை நெரிக்கிறதே என்று குறைபட்டவர்கள் பலர். பழகிய திகில் படங்களின் ஓட்டத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அந்தச் சிரிப்பு வேலைக்காகாதது போலத் தோன்றியிருக்கும். என் மதிப்பில் அந்த முதல் பகுதிதான் கடைசிப் பகுதியைத் தாங்கி நிற்கிறது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரை நாம் அறிந்திராவிட்டால், கடைசியில் அவர் வாசலைத் தாண்டுவது நம்மை ஒன்றும் செய்யாது. இவ்வளவு ரத்தமும் கொடூரமும் உள்ள படத்தைக் கொரியாவில் 15 வயதினரும் பார்க்கலாம் என்று அனுமதித்தது பற்றிய புகாருக்கு மட்டும் என்னிடம் மறுப்பில்லை.

கோக்சோங் என்பது தெற்கு ஜொல்லாவில் உண்மையாகவே இருக்கும் ஒரு மாவட்டம். ஊர் பெயர் கெட்டுவிடும் என்ற கவலை அங்கே இருந்ததால், படத்தின் தலைப்பை ஊர்ப்பெயருக்குரிய சீன எழுத்துகளை விட்டு வேறு எழுத்துகளில் போட்டார்கள். மாவட்டத் தலைவர் அந்தப் பரபரப்புக்கு நடுவே நாளிதழில் ஒரு கட்டுரை எழுதி, படம் பார்த்துப் பயந்தவர்கள் எங்கள் ஊருக்கு வந்து ரோஜாத் தோட்டத்தையும் ஆற்றங்கரையையும் பாருங்கள் என்று அழைத்தார். எதிர்ப்புக் கொடி பிடிக்காமல் ஒரு நிர்வாகி இப்படி வாசலைத் திறந்துவிட்டது கொரியர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

சமயம் சார்ந்த திகில் படங்களுக்கும் பார்வையாளர் வழக்குக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1973இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் சிறுமியைக் காப்பாற்றப் பாதிரியார் தீய ஆவியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு ஜன்னல்வழி குதித்துச் சாகிறார். அவர் தியாகம் செய்து வென்றார் என்று எழுதிய நாவலாசிரியர் வில்லியம் பீட்டர் பிளாட்டி, சாத்தான்தான் ஜெயித்துவிட்டது என்று பலர் புரிந்துகொண்டதைக் கண்டு வருந்தினார். 2000இல் சில காட்சிகளைச் சேர்த்துப் படத்தை மறுபடி வெளியிட்டபோது, முடிவும் சற்று ஆறுதலாக மாறியது. அங்கே யார் தேவன், யார் சாத்தான் என்பதில் சண்டை இல்லை. யார் வென்றார்கள் என்பதில்தான். 2024இல் ஜாங் ஜே-ஹ்யூன் இயக்கிய 'எக்ஷூமா' கொரியாவில் 1 கோடியே 10 லட்சம் டிக்கெட்டுகளைத் தாண்டியது. அதிலும் முதாங், ஜப்பானிய ஆவி, மண்ணில் புதைந்த வரலாறு எல்லாம் உண்டு. ஆனால் தீயது எது என்பது பாதியில் உருவமெடுத்துக் கண்முன் நின்றுவிடுகிறது. அந்த உருவம் வந்ததும் பயம் குறைந்துவிட்டது என்று பலர் குறைபட்டார்கள். 'கோக்சோங்' இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம், கொம்பு முளைத்த பிறகும் அதன் பயம் குறையவில்லை என்பதுதான். அதன் உண்மையான வழக்கு அந்தக் குகைக்கு வெளியே, ஒரு சந்தில் நடந்துகொண்டிருக்கிறது.

குகையும் சந்தும் மாறிமாறி வருகின்றன. இரவு. வீட்டுக்குப் போகும் வழியில் ஜோங்-கூவை அந்தப் பெண் மறிக்கிறாள். உன் வீட்டில் பொறி வைத்திருக்கிறேன், பேய் அதில் விழப்போகிறது, கோழி மூன்று முறை கூவும்வரை உள்ளே போகாதே, போனால் உன் குடும்பமே அழியும் என்கிறாள். போனில் பூசாரி: அவள்தான் பேய், உடனே வீட்டுக்குப் போ. வீட்டில் மகள். அந்தப் பெண்ணிடம் ஜோங்-கூ கேட்கிறார்: என் பிள்ளை என்ன பாவம் செய்தாள், ஏன் எங்களுக்கு இது? அவள் சொல்லும் பதில்: அவளுடைய அப்பன் இன்னொருவன்மேல் சந்தேகப்பட்டான், கொல்லப் பார்த்தான், கொன்றும்விட்டான். ஜோங்-கூ சொல்கிறார்: என் மகள்தானே முதலில் நோயில் விழுந்தாள்!

மூன்று கட்சிகளின் வாதங்களும் இந்த ஓர் இடத்தில் வந்து முட்டுகின்றன. அவள் காவல் தெய்வம் என்றால், அந்த ஜப்பானியர் யார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அவரைச் சந்தேகித்துக் கொன்றதை அவள் பாவமாகவே எண்ணுகிறாள். கொல்லப்பட்டவர் சாத்தான் என்பதால் கும்பல் செய்தது நியாயமாகிவிடவில்லை. அந்நியரைச் சாத்தானாகக் காட்டிக் கும்பலுக்குப் படம் வக்காலத்து வாங்குகிறது என்று சொல்கிறவர்கள் இந்த வரியைக் கவனிக்க வேண்டும். அதே நேரத்தில் ஜோங்-கூவின் எதிர்வாதமும் அசைக்க முடியாதது. காலவரிசைப்படி அவர் சொல்வதுதான் சரி. மகள் நோயில் விழுந்தாள்; அதனால்தான் அவர் சந்தேகப்பட்டார். அவளால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. படமும் சொல்லவில்லை. இதே கேள்விக்கு முன்பு பூசாரி ஒரு பதில் தந்திருந்தார்: தூண்டில் போடுகிறவனுக்கு எந்த மீன் சிக்கும் என்று தெரியாது, உன் மகள் கவ்விவிட்டாள், அவ்வளவுதான். தமக்கு நெருங்கியவர்கள் சிலரின் சாவுக்குப் பிறகு, ஏன் அவர்கள் என்ற கேள்வியிலிருந்தே இந்தப் படம் தொடங்கியது என்று நா ஹாங்-ஜின் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காரணமே இல்லை என்ற பதிலைப் பொய்யன் ஒருவன் வாயிலும், நீ செய்ததால்தான் என்ற பதிலை நல்லவள் ஒருத்தி வாயிலும் வைத்திருக்கிறார். துக்க வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும், இரண்டாவது பதில் எவ்வளவு கொடியது என்று.

கோழி இரண்டு முறை கூவிவிட்டது. அப்போதுதான் ஜோங்-கூ அந்தக் கிளிப்பைப் பார்க்கிறார், செத்தவர்களின் துணியை அவள் உடம்பில் பார்க்கிறார். கையை உதறிவிட்டு ஓடுகிறார். வாசலில் தொங்கும் பூச்செடி கருகுகிறது. உள்ளே எல்லாம் முடிந்திருக்கிறது.

பேதுரு மூன்று முறை மறுதலித்ததை இந்தக் காட்சியோடு சேர்த்துப் பேசாதவர்கள் இல்லை. அந்த ஒப்புமையைப் பலரும் ஜோங்-கூவுக்கு எதிரான தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள்: நம்பிக்கை இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று. இதில்தான் நான் பெரும்பான்மையோடு முரண்படுகிறேன். பேதுரு மறுத்தது தான் கூடவே நடந்து, கூடவே உண்டு, நன்றாக அறிந்த ஒருவரை. ஜோங்-கூவிடம் கேட்கப்பட்டதோ, பெயர்கூடச் சொல்லாத ஒருத்தியை, அவளுக்கு எதிரான எல்லாச் சாட்சியங்களையும் கண்ணால் பார்த்துக்கொண்டே, பத்தடி தூரத்தில் மகள் இருக்கும்போது நம்பு என்பது. பூசையன்று மகளின் அலறலைக் கேட்டு ஓடியதால் அவளைக் காப்பாற்றியவர், இன்றும் அதே மனதோடுதான் ஓடினார். அன்று சரியாக இருந்தது இன்று குற்றமாகிறது. இரண்டுக்கும் வேறுபாட்டை அறிய அவருக்கு எந்த வழியும் தரப்படவில்லை. கொலைக்கு அவர் பொறுப்பாளி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தச் சந்திலிருந்து வீட்டுக்கு ஓடியதை அவிசுவாசம் என்று பேரிட்டுத் தண்டிக்கிற பார்வையாளர்களோடு என்னால் சேர முடியவில்லை. நற்செய்தியில் கோழி கூவிய பிறகு பேதுரு மனங்கசந்து அழுதார், மன்னிக்கப்பட்டார், மந்தையை மேய்க்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. ஜோங்-கூவுக்கு அந்தப் பிற்பகுதியைப் படம் தரவே இல்லை.